முப்பதடி தூரத்துக்கு நூறு மடங்கு

"டிங்… டிங்… டிங்… டாங்…"

கூடத்திலிருந்து அழைப்பு மணி மறுபடியும் அடித்தது.

பின்னறையில் உட்கார்ந்திருந்த பல்செட்காரர், மோர்ஸ் தந்தி தட்டும் சாவியைத் தொடப்போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இழுத்த கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார், போலீஸில் சரணடைகிறவர் மாதிரி.

"என்னங்க! நிறுத்தப்போறீங்களா இல்லையா?"

சமையலறையிலிருந்து வந்த அந்தக் குரல் சாதாரணக் குரல் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று அறிவித்துப் பழகிய குரல். மைக் கெட்டுப்போன நாட்களில்கூட ஒரு பயணியும் வண்டியைத் தவறவிட்டதில்லை என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

"நான் கையே வைக்கலை" என்றார் பல்செட்காரர்.

"என்னது?"

"கையே வைக்கலைன்னேன்!"

"ஒண்ணும் கேக்கலை!"

அவர் வாழ்க்கையை இரண்டே சொற்களில் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுத வேண்டும். ஒண்ணும் கேக்கலை. கடவுள் அவருக்கு விரல்களைக் கொடுத்தபோது தாராளமாகவும், குரலைக் கொடுத்தபோது கஞ்சத்தனமாகவும் நடந்துகொண்டார். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கத்து அறையில் முப்பது வருடமாகச் செயற்கைப் பல் செட் செய்கிறார். மெழுகில் கடிக்கும் வாகைப் படியெடுத்து, மாவில் வார்த்து, ரோஸ் நிற அக்ரிலிக்கில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாக நட்டு மெருகேற்றுவார். புது செட் மாட்டியவர்களிடம், "சக்கரம்னு சொல்லுங்க, சர்க்கரைன்னு சொல்லுங்க" என்பார். அவர்கள், "என்ன சொல்லணும்?" என்று தெளிவாகவே கேட்பார்கள். அதைக் கேட்டதும் செட் சரியாகப் பொருந்திவிட்டது என்று தெரிந்துகொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு உலகத்தோடு பேச இருந்த ஒரே வழி வானொலி. பாட்டு கேட்கிற வானொலி இல்லை. உரிமம் வாங்கி, சொந்தமாக நிலையம் வைத்து, முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறார்களே, ஹாம் ரேடியோ, அது. அவருடைய கருவி தருவது வெறும் ஐந்து வாட். படுக்கையறை விளக்கு எரிகிற அளவு. நண்பர்கள் அவருக்கு வைத்த பெயரும் 'அஞ்சு வாட்'. அது கருவிக்கு வைத்த பெயரா ஆளுக்கு வைத்த பெயரா என்று அவர் கேட்டதில்லை.

மணி மறுபடி அடித்தது.

அந்த மணி வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித்தான். பின்னறையில் அவர் புதிதாகக் கட்டியிருக்கும் பெட்டியைப் போட்டுவிட்டுச் சாவியைத் தட்டினால், பெட்டியிலிருந்து கிளம்பும் சக்தியில் கொஞ்சம் கூடத்து மணியின் கம்பியிலும் ஏறிக்கொள்ளும். இவர் இங்கே மோர்ஸில் தட்ட, அங்கே மணி அதையே ஒப்பிக்கும். மனைவி பதினோரு முறை ஓடிப்போய்க் கதவைத் திறந்து வெறும் வாசலைப் பார்த்தார். பன்னிரண்டாவது முறை போகவில்லை. அதிலிருந்து இந்த வீட்டில் மணி அடித்தால் கதவைத் திறப்பது இல்லை, திட்டுவது என்று வழக்கமாகிவிட்டது.

ஆனால் இப்போது அவர் சாவியைத் தொடவில்லையே!

இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். பெட்டி தானாகப் பாடுகிறது!

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு ஆம்ப்ளிஃபையர். ஆஸ்பத்திரி கழித்துக்கட்டிய, கருவிகளைச் சுத்தம் செய்யும் எஃகுப் பெட்டிக்குள், செப்புத் தகட்டின் மேல், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு டிரான்சிஸ்டர். பின்னாலிருந்து எதைக் கொடுத்தாலும் முன்னால் நூறு மடங்காக்கித் தரும். அந்த நூறு மடங்குக்குப் பெயர் கெயின். பின்னாலிருந்து கொடுப்பதற்குப் பெயர் டிரைவ். ஐந்து வாட் கொடுத்தால் ஐந்நூறு வரும் என்று நினைத்துத்தான் முதல் டிரான்சிஸ்டரைக் கொன்றார். 'டொப்' என்றது, அவ்வளவுதான். இரண்டாவதும் அதே சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. பிறகுதான் டிரான்சிஸ்டரோடு வந்த தாளில் எழுதியிருந்ததை ஒழுங்காகப் படித்தார். அதற்கு மூன்று வாட்டும் கொஞ்சமும் போதும், அதற்கு மேல் கொடுத்தால் தாங்காது.

"அஞ்சு வாட்டே அதிகமாம்" என்று அன்று மனைவியிடம் சொன்னார். "பொறந்ததிலேருந்து எல்லாரும் சத்தமா பேசுன்னாங்க. முதல் தடவையா ஒரு ஆள் என்னைப் பார்த்து மெதுவா பேசுன்னு சொல்லுது."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

டிரைவைக் குறைக்கச் சின்னச் சின்ன மின்தடைகளைக் கோர்த்து ஒரு தடுப்பு செய்தார். அவை அசையாமலிருக்கக் கையருகே இருந்ததிலேயே பொதிந்தார். ரோஸ் நிற அக்ரிலிக். பல் இல்லாத ஈறு போலவே இருந்தது. மனைவி அதற்கு ஈறு என்றே பெயர் வைத்துவிட்டார். கூடவே பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிற ஈறுகளும் மூன்று செய்து வைத்திருந்தார், சோதனைக்கு.

கெயின் அதிகமுள்ள பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முன்னால் போனதில் துளி பின்னால் திரும்பி வந்துவிட்டால், அதையே மறுபடி நூறு மடங்காக்கி, அதையும் நூறு மடங்காக்கி, யாரும் கேட்காமலே ஊளையிடத் தொடங்கும். கூட்டங்களில் மைக் 'கூ' என்று அலறுமே, அந்த ஜாதி.

பல்செட்காரர் இன்னொரு ஈறைச் சொருகினார். மணி அடித்தது. அடுத்த ஈறையும் சொருகினார். மணி அடித்தது. பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

டிங்… டிங்… டாங்…

பிளக்கையே பிடுங்கினார்.

டிங்… டாங்…

"கரண்ட்டே இல்லாம பாடுது!" என்று அவர் அலறியது மனைவிக்கே கேட்டது. கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். பிளக் தரையில் கிடந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்னங்க" என்றார் மனைவி மெதுவாக. "வாசல்ல யாராவது இருப்பாங்களோ?"

கதவைத் திறந்தால் அத்தான் நின்றுகொண்டிருந்தார். பல்செட்காரரின் அக்கா புருஷன். வலதுகைக் கட்டைவிரலை இடதுகையால் தடவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இருபது நிமிஷமா அமுக்குறேன் மாப்ளே. உள்ள ஆள் இருக்குன்னு தெரியுது. நான் அடிக்க அடிக்கத் தங்கச்சி 'நிறுத்துங்க'ன்னு கத்துது. சரின்னு நிறுத்தினேன். அப்புறம் யாரும் வரலையேன்னு மறுபடி அடிச்சேன். மறுபடி 'நிறுத்துங்க'. நான் என்னதான் பண்ணட்டும்?"

"மன்னிச்சுடுங்கண்ணா" என்றார் மனைவி. "டிரைவ் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நினைச்சோம்."

"நாப்பதுக்கு மேல நான் ஓட்டவே இல்லையேம்மா!"

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். அவருக்கு டிரைவ் என்றால் ஒன்றுதான். பல்செட்காரர் அதைத் திருத்தவில்லை. அவர் பார்வை அத்தானைத் தாண்டிப் போய், வெளிக்கதவை ஒட்டி நின்ற காரில் குத்திட்டு நின்றுவிட்டது. கூரைமேல் பயிற்சிப் பள்ளியின் பலகை. முன்சீட்டில், வீட்டுப் பக்கம் திரும்பாமல், தெருவையே பார்த்தபடி ஒரு பெண்.

அக்கா!

பதினோரு வருடம்! காதோரம் நரைத்திருந்தது. ஆனால் அந்த முதுகு மட்டும் அப்படியே, அளவுகோல் மாதிரி.

அக்கா ஓய்வுபெற்ற எடை அளவை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பொய் முத்திரை குத்தியதில்லை. அவளும் ஹாம். அப்பா போன பிறகு, அவர் மாடியில் நட்டு வைத்திருந்த நாற்பதடி ஆன்டெனாக் கம்பம் யாருக்கு என்ற கேள்வி வந்தது. தம்பி நல்லவன். சண்டை வேண்டாம் என்று நினைத்தான். அக்கா ஊரில் இல்லாத ஒரு நாளில் கம்பத்தைச் சரிபாதியாக அறுத்து, இருபதடியை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சாத்திவைத்தான். இருபதடிக் கம்பம் இரண்டு பேருக்கும் ஒன்றுக்கும் உதவவில்லை.

திரும்பி வந்த அக்கா அதைப் பார்த்தாள். தெருவே கேட்கச் சபதம் செய்தாள். "இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். உனக்கு ஒரு வரி எழுத மாட்டேன். ஃபோன்ல உன் குரலைக் கேக்க மாட்டேன். இது சத்தியம்!"

இரண்டு வருடம் போனது. பல்செட்காரரின் மனைவிதான் ஓட்டை கண்டுபிடித்தார். "வீடு, கடுதாசி, ஃபோன். ரேடியோவைச் சொல்லலையே உங்க அக்கா?" ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் தன் மெல்லிய குரலில் அலைவரிசையில் அக்காவைக் கூப்பிட்டார். பதில் மோர்ஸில் வந்தது. 'ரேடியோவில் குரலில் பேசுவதற்கும் ஃபோன் என்றுதான் பெயர். விதி விதியே. மோர்ஸ் பரவாயில்லை.'

ஹாம்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு சத்தியம் இப்படி ஒரு இடத்தில் சிக்கியிருக்காது!

அன்றிலிருந்து ஒன்பது வருடமாக ஞாயிறுதோறும் நாலு மணிக்கு இருவரும் மோர்ஸில் சந்திப்பார்கள். நலமா, சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. ரிப்போர்ட் மட்டும். மூன்று எண்கள். முதலாவது தெளிவு, ஐந்துக்கு. இரண்டாவது பலம், ஒன்பதுக்கு. மூன்றாவது சுருதி, ஒன்பதுக்கு. உலகத்தில் மற்ற ஹாம்கள் எல்லாரும் மரியாதைக்காக ஒருவருக்கொருவர் ஐந்து ஒன்பது ஒன்பது என்று வாரி வழங்குவார்கள். அக்கா வழங்கியது ஐந்து ஆறு ஒன்பது. ஒன்பது வருடமும் பலத்தில் ஆறு. அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் ஆறு. அவள் பேத்தி பிறந்த வாரமும் ஆறு.

அந்த ஆறை ஒன்பதாக்கிவிட்டால் அக்கா மனம் இளகிவிடும் என்று ஏனோ அவர் நம்பினார். ஒரு படி ஏற நாலு மடங்கு சக்தி வேண்டும். மூன்று படிக்கு அறுபத்துநாலு மடங்கு. ஐந்து வாட் முந்நூற்றிருபது வாட்டாக வேண்டும். உரிமத்தில் நானூறு வரை அனுமதி உண்டு. பல் மாவுப் பலகையில் கணக்குப் போட்ட அன்றே பெட்டியைத் தொடங்கினார். பதினோரு மாத உழைப்பு. நடுவில், போன மாதம், ரிப்போர்ட்டுக்குப் பின்னால் அக்கா நாலு சொற்கள் கூடுதலாகத் தட்டினாள். 'வீடு மாறுகிறோம். ஞாயிறு நான்குதான்.' மகன் வீட்டுப் பதினாலாவது மாடிக்குப் போகிறாள். அங்கே ஆன்டெனா கட்டக் கூடாது; இன்னும் நாலு ஞாயிறுதான் பாக்கி.

அந்த நாலாவது ஞாயிறு இன்றுதான். இன்றோடு முடிந்தால் அக்காவோடு பேச இந்த உலகத்தில் அவருக்கு ஒரு வழியும் மிச்சமில்லை.

"காலையிலேயே ஆன்டெனாவைக் கழட்டிட்டாங்க" என்றார் அத்தான். "டிரான்ஸ்மிட்டரை மூட்டை கட்டியாச்சு. ரிசீவர் மட்டும் மடியில வெச்சிருக்கா. நாலு மணிக்கு ஆள் இல்லைன்னா மரியாதை இல்லையாம். ஒம்பது வருஷத்துல ஒரு தடவை தவறலையாம். காருக்குள்ள ஒரு சாண் ஒயரைத் தொங்கவிட்டிருக்கா, அதுல கேக்கணும்னா பக்கத்துல வரணுமே, அதான்."

"எப்படிப் பதில் தருவாங்க?"

"ஹாரன்ல."

"அண்ணியை உள்ள வரச் சொல்லுங்களேன்!" என்றார் மனைவி.

"படி மிதிக்க மாட்டாளே."

மணி மூன்று ஐம்பத்தெட்டு. பல்செட்காரர் பின்னறைக்கு ஓடினார். மாடியில் ஆன்டெனா. அதற்கு நேர்கீழே, முப்பதடி தூரத்தில், அக்காவின் ரிசீவர். முந்நூற்றிருபது வாட்டை இவ்வளவு பக்கத்தில் விட்டால் ரிசீவர் அங்கேயே உயிரை விடும். குறைக்க வேண்டும்! டிரைவைக் குறைக்க வேண்டும்!

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று தோன்றும். முப்பதடி தூரத்துக்கு அந்தப் பெட்டி எதற்கு, அதை விலக்கிவிட்டுச் சின்னக் கருவியிலேயே அனுப்பக் கூடாதா என்று. யாருக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. பதினோரு மாதம் ஒரு பெட்டியோடு வாழ்ந்தவருக்கு எல்லா வழியும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும்.

சோதனை ஈறுகளில் ஒன்றை மட்டும் விட்டு, பிளக்கை மாட்டி, பெட்டியைப் போட்டு, நாலு மணிக்குச் சாவியில் கை வைத்தார். கூடத்து மணி கூடவே ஒப்பித்தது. அக்காவின் அழைப்புக் குறி, தன் குறி, 'ரிப்போர்ட் தரவும்.'

தெருவில் ஹாரன் அடித்தது. பாம்… பாம்… பம்… பாம். பம்… பாம்… பம். பம்… பாம்… பாம்… பம்.

க்யூ. ஆர். பி. ஹாம் பாஷையில், 'பவரைக் குறை.'

இரண்டாவது ஈறு. மறுபடி தட்டினார். அக்ரிலிக் லேசாகத் தீய்கிற வாசனை வந்தது. கூடத்து மணி இப்போது முனகியது. மறுபடி ஹாரன். மறுபடி அதே மூன்று எழுத்து.

எதிர்வீட்டுக்காரர் பாதி முகத்தில் சவர நுரையோடு வெளியே வந்தார். "யாருங்க, யாரைக் கூப்பிடுறீங்க?"

"பேசிட்டிருக்காங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார் அத்தான்.

"யாரு பேசுறாங்க?"

"அக்காவும் தம்பியும்."

எதிர்வீட்டுக்காரர் காரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், நுரையோடு அங்கேயே நின்றுவிட்டார்.

மூன்றாவது ஈறு. கடைசி ஈறு. பல்செட்காரர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். கூடத்து மணி வாயே திறக்கவில்லை. பிறகு ஹாரன், நிதானமாக.

பம் பம் பம் பம் பம். ஐந்து.

பாம் பாம் பாம் பாம்… பம். ஒன்பது!

ஒன்பது! கிடைத்துவிட்டது! பல்செட்காரரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மனைவி கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பாம் பாம்… பம் பம் பம்.

"இது என்னங்க?" என்றார் மனைவி.

பல்செட்காரர் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூடத்தைக் கடந்து, அத்தானைத் தள்ளிக்கொண்டு, செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார்.

"ஏழா?" என்று கத்தினார். "சுருதிக்கு ஏழா போட்டே?"

கார்க் கண்ணாடி இறங்கியது.

"ஏழுதான். ஹம் இருக்கு. 'ம்ம்ம்'னு பின்னால இழுக்குது."

"எங்க இருக்கு ஹம்?"

"காது இருக்கறவங்களுக்குக் கேக்கும்."

"ஒரு நாள்! ஒம்பது வருஷத்துல ஒரே ஒரு நாள், கடைசி நாள், ஒரு அஞ்சு ஒம்பது ஒம்பது போட்டா உன் கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

"தராசு முப்பது கிராம் தப்பு காட்டினா, கடைக்காரன் அழறான்னு முத்திரை குத்த முடியுமாடா?"

"நான் கடைக்காரனா?"

"நீ கம்பத்தை அறுத்தவன்!"

"பாதிப் பாதியா அறுத்தேன்! அளந்துதான் அறுத்தேன்!"

"அளந்தியா? என் பாதி மூணு மில்லிமீட்டர் கம்மிடா!"

தெரு திகைத்து நின்றது. எதிர்வீட்டுக்காரரின் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"மூணு… மில்லிமீட்டரா?" என்றார் பல்செட்காரர். "அது… ரம்பம் தின்ன இடம்."

"ரம்பம் தின்னா உன் பாதியிலயும் பாதி திங்கட்டுமே. என் பக்கத்திலேருந்து மட்டும் ஏன் தின்னுச்சு?"

"இதுக்கா… பதினோரு வருஷமா? ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? ரிப்போர்ட்டுல அதுக்கு எண் இல்லையே!"

சொன்னவளின் குரல் உடைந்தது. தம்பியை அப்போதுதான் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கத்துறியே" என்றாள். "உனக்குக் கத்த வருமா?"

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. தெருமுனை வரை கேட்டிருக்கும். வாசலில் நின்ற மனைவி, தன் தொழிலுக்கே போட்டி வந்துவிட்ட மாதிரி, வாயைப் பிளந்து நின்றார்.

"ஹம் இல்லை" என்றார் அவர், பழைய குரலில்.

"இருக்கு."

"இல்லை."

"காட்டுறேன் வா!"

கார்க் கதவு திறந்தது. அக்கா ரிசீவரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி, விறுவிறுவென்று வெளிக்கதவைத் தாண்டி, வாசற்படியை மிதித்து, கூடத்தைக் கடந்து, பின்னறைக்குள் போய்விட்டாள். அத்தான் மூச்சை அடக்கிக்கொண்டார். மனைவி தூக்கிய கரண்டியைத் தூக்கியபடியே வைத்திருந்தார். யாரும் வாயைத் திறக்கத் துணியவில்லை. படியை மிதித்தது அக்காவுக்கே தெரியவில்லை!

பின்னறையில் அக்கா ஆய்வாளராகிவிட்டாள். மேஜையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விரலை நகர்த்தினாள்.

"இது ரேடியோ. அஞ்சு வாட். சரி. இது என்ன ரோஸ் கலர்ல?"

"ஈறு."

"என்னது?"

"தடுப்பு. முதல் ஈறு அஞ்சை மூணாக்கும். அப்புறம் மூணு ஈறு. ஒவ்வொண்ணும் பத்துல ஒண்ணாக்கும்."

"ஆக மொத்தம் ஆயிரத்துல ஒண்ணுக்கும் கீழ போயிடுச்சு. அப்புறம் இந்தப் பெட்டி?"

"நூறு மடங்கு."

அக்கா விரலை எடுத்துவிட்டாள்.

"ஏண்டா, ஆயிரம் மடங்கு குறைச்சுட்டு நூறு மடங்கு கூட்டுறியா? முப்பதடி தூரத்துக்கு? ரெண்டு ஈறோட நேரா ஆன்டெனாவுக்கு விட்டிருந்தா இதே ஒம்பது வந்திருக்குமே! நடுவுல இது எதுக்கு? டிரைவ் இல்லாம வெறுமனே உக்காந்திருக்கறதாலதான் அதோட ஹம் எல்லாம் வெளிய தெரியுது. இதை ஏன் விலக்கலை?"

பல்செட்காரர் பெட்டியைப் பார்த்தார். உண்மைதான். ஒரு கம்பியைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. முதல் தடவையாக அது அவருக்கே தெரிந்தது. அவமானத்தில் காது சிவந்தது. ஆனாலும் வாயில் வேறு ஒன்றுதான் வந்தது.

"இது உனக்காகக் கட்டினதுக்கா" என்றார். "உன்கிட்ட வர்றது இது வழியா வரணும்."



அக்கா நாற்காலியைத் தேடினாள். அது கீழே விழுந்து கிடந்தது. தூக்கி நிறுத்தி உட்கார்ந்தாள். பெட்டியின் திறந்த மூடிக்குள் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி ஈய ஒட்டுகள், பல் வரிசை போல அடுக்கிய உறுப்புகள். முப்பத்தைந்து வருடம் எந்தக் கடைக்காரரின் கண்ணீருக்கும் அசையாத அந்த அம்மாளின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு…

"அழாதக்கா!" என்று பதறினார் பல்செட்காரர். "ஷார்ட் ஆயிடும்!"

அக்கா முகத்தைச் சட்டென்று பெட்டிக்கு வெளியே திருப்பிக்கொண்டு, அழுகையை அங்கே அழுது முடித்தாள்.

பிறகு வேலையில் இறங்கினாள். காதை வைத்துக் கேட்டு, ஒவ்வொரு கம்பியாக அசைத்து, பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்பு அடாப்டரைப் பிடித்தாள். பல் மெருகேற்றும் மோட்டாரிலிருந்து கழற்றிப் போட்டது.

"இதோ உன் ஹம். இது சுத்தமான கரண்ட் தரலை. இதை மாத்தணும்."

"சரிக்கா."

"நாளைக்கே மாத்தணும்னு இல்லை. ஆனா மாத்தணும்."

அப்போதுதான் அவள் கண் தரையில் விழுந்தது. தரை ஓடு. இந்த வீட்டின் ஓடு. அதன் மேல் தன் கால்.

"நான் எப்போ உள்ள வந்தேன்?"

"நாலு மணி பதினேழு நிமிடத்துக்கு அண்ணி" என்றார் மனைவி, வாய் தவறி அறிவிப்புக் குரலில்.

அக்காவின் முகம் வெளுத்தது. சத்தியம்! பதினோரு வருடம் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் காத்த சத்தியம்! அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். பல்செட்காரர் வாசல் பக்கம் பார்த்தார். இதோ எழுந்து போகப்போகிறாள். போனால் இனி இல்லை.

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் உரிமம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எழுந்து போய்ப் படித்தாள். முழுதும் படித்தாள்.

"நிலையம் அமைந்துள்ள இடம்னு இந்த விலாசத்தைத்தான் போட்டிருக்கு" என்றாள். "இது வீடு இல்லை. ஸ்டேஷன். நான் வீட்டுக்கு வரலை. ஸ்டேஷனைச் சோதிக்க வந்தேன்."

"ஆமாண்ணி, ஸ்டேஷன்தான்" என்றார் மனைவி. ஸ்டேஷனைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? "டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

"வீட்டுல கை நனைக்க மாட்டேன்."

"ஸ்டேஷன்ல எல்லாரும் டீ குடிப்பாங்கண்ணி. நான் தினம் பாக்குறேனே."

அக்கா யோசித்தாள். இதற்கு எதிராக எந்த விதியும் அவளுக்கு அகப்படவில்லை. டீ வந்தது. நின்றபடியே குடித்தாள், உட்கார்ந்தால் விருந்தாளியாகிவிடும் என்று. தம்பியின் கோடு விழுந்த நெற்றியைப் பார்த்து, "இளைச்சுட்டே" என்று சொல்ல வாயெடுத்து, அது ஸ்டேஷன் சம்பந்தப்பட்டதல்ல என்பதால் விழுங்கிக்கொண்டாள். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, அவருடைய பதிவு நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே எழுதினாள். ஐந்து, ஒன்பது, ஏழு. கீழே ஒரு வரி. 'குறை உள்ளது. மறு ஆய்வு தேவை.'

"மறு ஆய்வா?" என்றார் பல்செட்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"குறை இருந்தா ஆய்வாளர் திரும்ப வரணும். அது விதி. அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணி. சுருதி ஒம்பது வர்ற வரைக்கும் வருவேன். வந்ததுக்கப்புறம் வர மாட்டேன்."

ரிசீவரை இடுக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். இந்தத் தடவை வாசற்படியை மிதிக்காமல் தாண்டினாள். பாவாடை வயதில் தாண்டியது போல ஒரே தாண்டு. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "முடிஞ்சுதுங்களா?" அக்கா, "இப்பதான் ஆரம்பம்" என்றாள்.

அத்தான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பல்செட்காரரின் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, எனக்கு இந்த ரேடியோ கீடியோ எதுவும் புரியாது. ஆனா ஒண்ணு. அந்த அடாப்டரை அவசரப்பட்டு மாத்திடாதீங்க."

"மாத்த மாட்டேன் அத்தான்" என்றார் பல்செட்காரர்.

தெளிவாகக் கேட்டது. அத்தான் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கார் கிளம்பியது, நாற்பதுக்கு மேல் போகாமல். அது தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, பல்செட்காரர் கதவைச் சாத்தினார்.